பாஸ்கலின் இருபத்தெட்டுக் கரண்டு

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற பாஸ்கலுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது ஐம்பத்தேழு. ஈஸ்டர் முடிந்ததிலிருந்தே குரல் கம்மியிருந்தது. முதலில் சளி என்றார். பிறகு கடற்காற்று என்றார். அதற்கும் பிறகு, கோயிலில் சத்தமாகப் பாடிவிட்டேன் என்றார். கோயிலில் அவர் வாயே திறப்பதில்லை என்பது மனைவி பிளாரன்ஸுக்குத் தெரியும். மூன்றாவது மாதம் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்த டாக்டர், குரல்நாண் ஒன்றில் வெள்ளையாகத் தடித்திருந்த இடத்திலிருந்து துணுக்கு எடுத்து அனுப்பினார். பத்து நாளில் முடிவு வந்தது.

“நல்ல வேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. கதிர்வீச்சு மட்டும் போதும்,” என்றார் டாக்டர். “இருபத்தெட்டு தடவை. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் தினம் ஒண்ணு. சனி, ஞாயிறு கிடையாது. இடையில நீங்களா ஒரு நாள்கூட விடக்கூடாது. பீடியை இன்னையோட நிறுத்தணும்.”

“அதுக்கும் கேக்கலேன்னா?”

“குரல்வளையை எடுத்துருவோம். கழுத்துல ஓட்டை போட்டு, அது வழியா மூச்சு விடணும்.”

குரல் போவதைப் பற்றி பாஸ்கல் கேட்கவில்லை. அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. “ஓட்டையோட கடல்ல முங்கலாமா சார்?” என்றுதான் கேட்டார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். “முங்குறதா? கழுத்தளவு தண்ணியில நின்னாலே ஆபத்து. தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிரும்.”

இருபத்தெட்டும் சரியாக நடந்தால் கடல் உண்டு. நடக்காவிட்டால் கடல் இல்லை. அதற்குமேல் பாஸ்கல் எதையும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மற்ற குளியாட்கள் படகில் கம்ப்ரசரை வைத்துக்கொண்டு, ரப்பர் குழாயை வாயில் கவ்வி, உள்ளேயே மூச்சு விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சங்கு பொறுக்குவார்கள். பாஸ்கல் அந்தக் குழாயைத் தொட்டதில்லை. அவருடைய அண்ணன் அதைக் கவ்விக்கொண்டு போய், அவசரமாக மேலே வந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனவர். ஆகவே பாஸ்கல் மூச்சை அடக்கித்தான் முங்குவார். ஏழு பாகம், அதாவது நாற்பது அடிக்கு மேல் ஆழம். கடிகாரம் கிடையாது, மனதுக்குள் சொல்லும் ‘அருள் நிறைந்த மரியே’ செபம்தான் கணக்கு. ஒரு முங்கலுக்கு ஒன்பது மரியே. பத்தாவதில் காது இரையும், பதினொன்றில் கண் இருட்டும். பன்னிரண்டு வயதிலிருந்து இதுதான் வேலை. முகம் மூடிய இடத்தில் மூச்சு விட்டால் சாவு என்று அவர் உடம்புக்குத் தெரியும். அதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் இந்த வைத்தியத்துக்குக் ‘கரண்டு’ என்று பெயர். டாக்டர்கள் அப்படிச் சொல்வதில்லை. நோயாளிகள், ஆயாக்கள், டோக்கன் கொடுப்பவர் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எத்தனாவது கரண்டு, எத்தனை கரண்டு பாக்கி என்பதுதான் அங்கே குசலம் விசாரிப்பது.

கரண்டுக்கு முன்னால் அச்சு எடுக்க வேண்டும். கதிர் படுகிற இடம் தினமும் ஒரே இடமாக இருக்க வேண்டுமே! வலைபோல் துளைகள் உள்ள பிளாஸ்டிக் பலகையை வெந்நீரில் போட்டால் தோசை மாவுபோல் குழைந்துவிடும். அதை எடுத்து முகத்திலும் கழுத்திலும் தோள் வரையிலும் போட்டு அழுத்துவார்கள். ஐந்து நிமிடத்தில் ஆறி, அந்த ஆளின் உருவத்திலேயே இறுகிவிடும். பிறகு அதை மேசையோடு கிளிப் போட்டுப் பூட்டி, அப்படியே ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

“ஆடக்கூடாது அண்ணாச்சி. மூச்சு மட்டும் எப்பவும்போல விடுங்க,” என்று சொல்லித்தான் அச்சைப் போட்டார்கள்.

பாஸ்கல் அதை நன்றாகவே கேட்டார். கேட்டுவிட்டு, தன் புத்தியையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். மூச்சு விட்டாலும் நெஞ்சு ஆடும், கழுத்து ஆடும். ஆடக்கூடாது என்றால் அடக்குவதுதானே முறை? மற்றவர்களால் முடியாது என்பதால் மூச்சு விடச் சொல்கிறார்கள். நம்மால் முடியுமே! சூடான பிளாஸ்டிக் முகத்தில் விழுந்ததும் நெஞ்சு நிறைய இழுத்துத் தொண்டையை அடைத்துக்கொண்டார். மூச்சு முட்டியபோது மூக்கால் சட்டென்று ஒரு மாற்று, மறுபடி அடைப்பு. ஸ்கேனும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

“எப்பா, செலை மாதிரி இருந்தியளே! இப்படி ஒருத்தர் படுத்து நான் பாத்ததில்ல,” என்றாள் பானுப்ரியா. முப்பது வயதுப் பெண். கதிர் மெஷினை இயக்குகிறவர்களில் அவள்தான் மூத்தவள்.

அந்தச் சொல்லை பாஸ்கல் திரேஸ்புரத்தில் ஏழெட்டுப் பேரிடம் சொல்லிவிட்டார். அதிகம் பேசாதவர்கள் பேசினால் இப்படித்தான் ஆகிறது.

முதல் கரண்டு அன்றுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. அச்சுக்குள் போய்ப் படுத்தார். கிளிப்புகள் தலைக்கு மேலே இரண்டு, தோளுக்கு இரண்டு என்று டக் டக்கென்று விழுந்தன. இமையைத் திறக்க இடமில்லை. உதட்டைப் பிரிக்க இடமில்லை. ஆட்கள் வெளியே போனார்கள். தரையிலிருந்து கூரைவரை உயர்ந்த கனமான கதவு மெதுவாக வந்து அடைத்துக்கொண்டது. மூச்சை விட்டுப் பார்த்தார். விட்டதும் குரல்வளை இறங்கி, பிளாஸ்டிக்கில் உரசியது. அடக்கிப் பார்த்தார். அது ஏறி, அச்சிலிருந்த குழிக்குள் பொருத்தமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அச்சு எடுத்தபோது எப்படி இருந்தாரோ, அப்படித்தானே அச்சும் இருக்கும்!

சரி, அடக்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தார். இடம் சரியாக இருக்கிறதா என்று மெஷின் ஒருமுறை சுற்றிவந்து படம் எடுத்தது. ஆறு மரியேக்குள் முடிந்தது.

“சூப்பர் அண்ணாச்சி, கன கச்சிதம். அப்படியே இருங்க,” என்றது சுவரிலிருந்த ஒலிபெருக்கி.

ஆனால் கரண்டு அதற்குப் பிறகுதான் தொடங்கும். படத்தைப் பார்த்து, சரிபார்த்து, பொத்தானை அமுக்கும்போது மூன்று நிமிடம் ஓடிவிடும். அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் மெஷின் கிர்ரென்று ஒலித்துக்கொண்டிருக்கும். ஒன்பது மரியே, மூச்சு, ஒன்பது மரியே, மூச்சு என்று பாஸ்கல் ஓட்டினார். கடலில் ஒரு முங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே மேலே வந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்தி, வானத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசலாம். இங்கே மேலே என்பது கிடையாது. நாலாவது முங்கலில் மூச்சு மூன்று மரியேக்குச் சுருங்கியது. பிறகு வெறும் இரைப்புதான். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. கையை உயர்த்தினால் நிறுத்துவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். செலை கையைத் தூக்குமா? அவர் தூக்கவில்லை.

வெளியே வந்தபோது சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது.

“உள்ள ஏ.சி. போடலியா?” என்றாள் பிளாரன்ஸ்.

“போட்டிருந்தாவ,” என்று சொல்லிவிட்டு பாஸ்கல் மினி பஸ்ஸை நோக்கி நடந்தார்.

நான்கு நாள் இப்படிப் போயிற்று. காலையில் எழும்போதே அச்சு கண்ணுக்குள் வந்துவிடும். சாப்பாடு பாதி தட்டிலேயே நின்றது. பிளாரன்ஸ் தன் பங்குக்கு ஆஸ்பத்திரியில் சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். கழுத்தில் எண்ணெயோ பவுடரோ போட விடவில்லை, காலர் இல்லாத பருத்திச் சட்டை இரண்டு தைத்துக் கொடுத்தாள், நாளைக்கு நாலு தடவை சோடா உப்புத் தண்ணீரில் கொப்புளிக்க வைத்தாள். இந்த ஆள் ஏன் மரத்துப் போனவர்போல் இருக்கிறார் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. பயம் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மெஷினைச் சரிபார்க்க ஆள் வந்திருந்ததால் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் வன்னியபெருமாள் இருந்தார். ஓட்டப்பிடாரத்தில் மளிகைக்கடை. புகையிலை போட்டு நாக்கில் வந்த கட்டி. பத்தொன்பது கரண்டு முடிந்திருந்தது. நாக்கு வெந்துபோய், வார்த்தைக்கு வார்த்தை பாட்டிலில் தண்ணீர் உறிஞ்சிக்கொள்வார். ஆனாலும் பேச்சை விடமாட்டார்.

தாமதத்தைச் சொல்ல வெளியே வந்த பானுப்ரியாவைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, பத்தொம்பது கரண்டு வாங்கிட்டேன். ஒரு ஷாக்கு அடிக்கல, ஒரு சூடு தெரியல. உள்ள பல்பு எரியுதா இல்லியான்னாவது பாத்தியளா?”

“நாக்கு வெந்து கஞ்சி எறங்காம உக்காந்திருக்கியளே அண்ணாச்சி, அது பின்ன யாரு செஞ்ச வேலையாம்?”

“அப்ப கட்டியச் சுடச் சொன்னா என்னயச் சுடுதியளா?”

பானுப்ரியா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். மெஷின் ஓடாதபோது அவளுக்கும் வேலையில்லை. “சுடுறது கெடையாது. சூடே இல்ல அதுல. நம்ம உடம்புல முக்காவாசி தண்ணிதான? கதிரு உள்ள போனதும், செல்லுக்குள்ள இருக்க தண்ணிய ஒடைக்கும். ஒடஞ்ச துண்டு சும்மா கெடக்காது. பக்கத்துல எது கெடச்சாலும் கடிச்சு வைக்கும். செல்லுக்கு நடுவுல டி.என்.ஏ.ன்னு நூல் மாதிரி ஒண்ணு இருக்கு, ரெட்டை இழை. செல்லு எப்படிப் பெருகணும்னு அதுலதான் இருக்கு. ஒரு இழை அறுந்தா செல்லே ஒட்ட வச்சுக்கிடும். ரெண்டு இழையும் ஒரே எடத்துல அறுந்துச்சுன்னா பெரும்பாடுதான்.”

“உடனே செத்துருமா?”

“அதான் இல்ல. சாவப் போறோம்னு அதுக்கே தெரியாது. எப்பவும்போலத் தின்னுக்கிட்டு இருக்கும். ரெண்டாப் பிரியப் போகும்லா, அப்பந்தான் விழும். அதனாலதான் மொத வாரம் ஒண்ணும் தெரியாம, மூணாவது வாரம் வாய் வேகுது.”

“நல்ல செல்லும்தான அடி வாங்குது?” வன்னியபெருமாள் விடவில்லை. கடைக்காரர், சரக்கைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

“வாங்கும். கதிருக்கு நல்லது கெட்டது தெரியாது. எதிர்ல இருக்கத அடிக்கும். ஆனா நல்லது ஆறு மணி நேரத்துல பெரும்பாலும் ஒட்டுப் போட்டு எழும்பிரும். கெட்டதுக்கு அந்த நிதானம் கெடையாது. அறுந்தது அறுந்தபடி பெருகப் பாத்துப் பாதியில மாட்டிக்கிடும். அதுக்குத்தான் ஒரே நாள்ல கொட்டாம, தெனம் கொஞ்சமா வைக்கது. பீடி வேண்டாங்கதும் இதுக்குத்தான். ரத்தத்துல ஆக்சிஜன் நல்லா இருந்தாத்தான் அறுந்தது அறுந்ததாவே நிக்கும். பொகை அதக் கொறச்சுரும்.”

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பாஸ்கல் திரும்பினார். “ஒரு விரக்கடை தள்ளிப் பட்டா?”

“எது அண்ணாச்சி?”

“கதிரு. ஒரு விரல் அகலம் தள்ளிப் பட்டா என்ன ஆவும்?”

“அங்க இருக்க நல்ல செல்லு வீணா அடி வாங்கும். கெட்டது தப்பிச்சுக்கிடும். தப்பிச்சது சும்மா இருக்குமா, பெருகும். அதுக்குத்தான அச்சு, தெனம் படம் எல்லாம்? ஒங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். ஒங்க படம் மாதிரி யாரு படமும் பொருந்தல.”

பாஸ்கல் மனதுக்குள் கணக்குப் போட்டார். படம் எடுக்கும்போது அடக்கியிருக்கிறார். கரண்டு ஓடும்போது இரைத்திருக்கிறார். படத்தில் ஒரு தொண்டை, கதிருக்கு எதிரில் வேறொரு தொண்டை. நான்கு நாள்.

அன்று உள்ளே போனதும், ஒழுங்காக மூச்சு விடுவோம் என்று முயன்றார். குரல்வளை பிளாஸ்டிக்கில் உரசியது. படம் எடுத்தார்கள். பானுப்ரியா உள்ளே ஓடி வந்தாள். “என்ன அண்ணாச்சி இன்னைக்கு? தொண்டை கீழ எறங்கி நிக்கே. தோளைத் தளர்த்துங்க.” அச்சைக் கழற்றி மாட்டி, மறுபடி படம். பொருந்தவில்லை. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மூன்றாவது படத்துக்கு பாஸ்கல் மூச்சை அடக்கினார்.

“இப்ப சரியா வந்துட்டு பாருங்க,” என்றாள் அவள் நிம்மதியாக. கரண்டு ஓடியது. உள்ளே அவர் இரைத்துக்கொண்டு கிடந்தார்.

மூச்சு விட்டால் படம் தப்பு. அடக்கினால் கரண்டு தப்பு. சொன்னால் ஐந்து கரண்டும் வீண் என்பார்கள், கத்தியை எடுப்பார்கள். சொல்லாவிட்டால் கட்டி வளரும், அப்போதும் கத்திதான். எந்தப் பக்கம் முட்டினாலும் கழுத்தில் ஓட்டைதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிளாரன்ஸ் மீன் வாங்கிக்கொண்டு வந்தபோது, பாஸ்கல் தரையில் மல்லாந்து கிடந்தார். முகத்தில் ஈரத்துண்டு. நெஞ்சு அசையவில்லை. பையைப் போட்டுவிட்டு ஓடித் துண்டைப் பிடுங்கினாள்.

“என்ன செய்யுதிய நீங்க? சாவப் பாத்தியளா?”

“சும்மா கெட ஏளா. மூச்சுக் கூடுதா பாத்தேன். எட்டு நிமிசம் வேணும்.”

“எதுக்கு எட்டு நிமிசம்?”

சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. சொன்னார். பிளாரன்ஸ் கேட்டு முடித்துவிட்டு, சிதறிய மீனைப் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். பிறகுதான் தொடங்கினாள்.

“மூச்சு விடுங்கன்னுதான சொன்னாவ? அவ்வளவு படிச்சவ சொல்லுதா, இவருக்கு அதுக்கு மேல தெரிஞ்சுட்டு! திரேஸ்புரம் பூரா சொல்லிட்டு வந்தியளே, செலை மாதிரி படுத்தேன்னு! செலைக்கு எதுக்குய்யா கரண்டு?”

“சொன்னா வெட்டிருவாவ ஏளா.”

“சொல்லாட்டா வெட்ட மாட்டாவளா? நாளைக்கு நீங்க சொல்லணும். கதவச் சாத்துன பெறகும் சொல்லலேன்னா, நான் அந்தப் புள்ளைட்ட சொல்லிருவேன். டோக்கன் குடுக்கவன் முன்னாலயே சொல்லுவேன்.”

திங்கட்கிழமை பாஸ்கல் டோக்கன் வாங்கும்போது சொல்லவில்லை. செருப்பைக் கழற்றும்போது சொல்லவில்லை. மேசையில் படுத்தபோதும் சொல்லவில்லை. கிளிப்புகள் விழுந்தன. ஆட்கள் வெளியே போனார்கள். கதவு நகரத் தொடங்கியது. அச்சுக்குள் வாய் திறக்காது, கத்தவும் முடியாது. பிளாரன்ஸ் வெளியே எழுந்து நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். அவர் வலது கையை உயர்த்தினார்.

கதவு நின்றது. பானுப்ரியா வந்து அச்சைக் கழற்றினாள். “என்னாச்சு அண்ணாச்சி, இருமல் வருதா?”

“இல்லம்மா. நான் மூச்ச அடக்கிக்கிட்டு படுத்திருந்தேன். அச்சு எடுத்த அன்னைலேர்ந்து.”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. திட்டவில்லை. “எந்திரிச்சு உக்காருங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டரும், கதிரின் அளவைக் கணக்குப் போடுகிற சாரும் வந்தார்கள். அவரை மூச்சு விடச் சொல்லி ஒரு படம், அடக்கச் சொல்லி ஒரு படம். இரண்டையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். கட்டியைச் சுற்றி ஐந்து மில்லிமீட்டர்தான் கூடுதலாக இடம் விட்டிருந்தார்கள்.

“வெட்டிருவியளா சார்?” என்றார் பாஸ்கல்.

“அஞ்சு தடவையும் வீண் இல்ல. பெரும்பகுதி பட்டிருக்கு, ஓரத்துலதான் குறைஞ்சிருக்கு. சேர்த்துப் போட்டுக் கணக்குப் பண்ணிரலாம்,” என்றார் கணக்கு சார். “ஆனா புது அச்சு, புது ஸ்கேன், புதுக் கணக்கு. ரெண்டு நாள் போயிரும். கட்டிக்கு அந்த ரெண்டு நாள் லாபம்தான். அதை விடக்கூடாது. சனிக்கிழமை ஒண்ணு வைப்போம். இன்னொரு நாள் காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. நடுவுல ஆறு மணி நேரம் விட்டாத்தான் நல்ல செல் தாங்கும்.”

டாக்டர் மட்டும், “கடல்ல உங்க இஷ்டம். இங்க நாங்க சொல்றதுதான்,” என்றார்.

வெளியே வன்னியபெருமாளுக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. “ஓய், கடலைத்தான் ஏமாத்துனீரு. அஞ்சு கோடி மெஷினையுமா?” என்றார். பாஸ்கலுக்குச் சிரிக்க வரவில்லை.

சொல்லிவிட்டால் விடுதலை என்று நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. புது அச்சுக்கு மேசையில் படுத்து, சூடான பிளாஸ்டிக் முகத்தில் விழுந்ததும், தொண்டை தானாக அடைத்துக்கொண்டது. அவர் அடைக்கவில்லை, அது அடைத்துக்கொண்டது. அவர் வயிற்றில் கையை வைத்திருந்த பானுப்ரியா, “ஏறலியே, எறங்கலியே அண்ணாச்சி,” என்று பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டாள். மறுபடி வெந்நீர், மறுபடி முகம், மறுபடி அடைப்பு. நாற்பத்தைந்து வருடமாக உயிரைக் காப்பாற்றிய பழக்கம், ஒரு பெண் போகச் சொன்னதும் போய்விடுமா?

அச்சு எடுக்கும் அறையில் கதிர் கிடையாது. யாரும் நிற்கலாம். பானுப்ரியா வெளியே தலையை நீட்டி, “அக்கா, நீங்க வாங்க,” என்றாள். பிளாரன்ஸ் வந்து காலடியில் நின்றாள். மூன்றாவது தடவை பிளாஸ்டிக் விழுந்தது. வயிறு கல்லாக நின்றது.

பிளாரன்ஸ் கொஞ்சம் பார்த்தாள். பிறகு அவருடைய கால் கட்டைவிரலைப் பிடித்துத் திருகினாள். “இந்தா, இப்படித்தான் ஒங்க தங்கச்சி கல்யாணத்துக்கும் வாய அடச்சுக்கிட்டு இருந்தீரு. சம்பந்தக்காரன் என் அப்பாவ அவ்வளவு பேச்சுப் பேசுதான், இவரு செலை! பீடி விட்டுட்டேன்னு சொல்லுதீரே, சுவாமி படத்துக்குப் பின்னால கட்டு இருந்துச்சே, அது யாரு வச்சது? மாதா வச்சாவளா?”

அச்சுக்குள்ளிருந்து பதில் சொல்ல முடியாது. ஆத்திரத்தில் பாஸ்கலுக்கு மூக்கு வழியாகக் காற்று புஸ்ஸென்று வெளியேறியது.

“ஆங்!” என்றாள் பானுப்ரியா. “எறங்குது. விடாதிய அக்கா, ஏசுங்க.”

பிளாரன்ஸுக்கு விஷயப் பஞ்சம் கிடையாது. ஐந்து நிமிடம் ஏசினாள். அச்சு இறுகுவதற்குள் பாஸ்கல் ஒன்றைக் கவனித்துவிட்டார். முங்குகிறவன் முதலில் இழுப்பான். இழுத்தால்தான் அடைக்கலாம். முதலில் வெளியே விட்டுவிட்டால், உள்ளே அடைப்பதற்கு எதுவும் இல்லை. தொண்டை திறந்தே கிடக்கிறது. உடம்புக்கு வேறு வழியில்லை, தானாக இழுத்துக்கொள்கிறது.

புதன்கிழமை ஆறாவது கரண்டு. அந்த அறைக்குள் பிளாரன்ஸ் வர முடியாது. கிளிப்புகள் விழுந்தன, கதவு அடைத்தது. பாஸ்கல் நெஞ்சில் இருந்த காற்றை எல்லாம் மூக்கால் வெளியே தள்ளினார். நெஞ்சு பதறியது. தண்ணீருக்கடியில் காற்றை விட்டவன் கதை முடிந்தது என்றுதான் அவர் உடம்பு படித்திருக்கிறது. கால்கள் இழுத்துக்கொண்டன. காற்று உள்ளே வந்தது. தொண்டை அடைக்கப் போகிறது என்று தெரிந்ததும் மறுபடி வெளியே தள்ளினார். படம் பொருந்தியது. கரண்டு ஓடியது. எட்டு நிமிடமும் அவர் செய்தது அது ஒன்றுதான். அச்சு தளரவில்லை, பயமும் தளரவில்லை. சட்டை அன்றும் நனைந்துதான் இருந்தது. ஆனால் படத்திலும் கதிருக்கு எதிரிலும் இப்போது ஒரே தொண்டை.

மூன்றாவது வாரம், பானுப்ரியா சொன்னபடியே, அடி வாங்கிய செல்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. எச்சில் விழுங்குவதே கண்ணாடித் தூளை விழுங்குவது போலிருந்தது. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. குரல் சுத்தமாகப் போயிற்று. பிளாரன்ஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கேழ்வரகுக் கஞ்சியில் முட்டையை அடித்துக் கலந்து, ஆறவைத்து, முன்னால் நின்று குடிக்க வைத்தாள். எடை குறைந்தால் அச்சு தளர்ந்து இடம் மாறும் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றரை கிலோவுக்குமேல் அவள் குறைய விடவில்லை. இரண்டு கரண்டு வைத்த நாளில், இடையில் இருந்த ஆறு மணி நேரமும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பெஞ்சில் படுத்திருந்தார்கள். வன்னியபெருமாள் தன்னுடையதை முடித்துக்கொண்டு, ஒரு கிலோ கருப்பட்டியைக் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். “தொண்டை ஆறுன பெறகு தின்னும்,” என்றார்.

ஒவ்வொரு நாளும் பாஸ்கல் கதவு அடைக்கும் சத்தத்தை வெறுத்தார். இருபத்தெட்டாவது நாளும் வெறுத்தார். பழகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர் தப்பிக்கப் பார்க்காமல் அதற்குள்ளேயே கிடந்தார், அவ்வளவுதான். செய்ய வேண்டியதும் அதுதான்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் மறுபடி மூக்கில் குழாயை விட்டார். பாஸ்கல் நெஞ்சில் இருந்த காற்றை வெளியே விட்டுவிட்டுக் காத்திருந்தார். திரையில் இரண்டு நாண்களும் தெரிந்தன. ஒன்று கொஞ்சம் சிவந்திருந்தது. வெள்ளைத் தடிப்பு இல்லை.

“ஈன்னு சொல்லுங்க.”

“ஈ...” கரகரவென்றுதான் வந்தது. ஆனாலும் வந்தது. நாண்கள் சேர்ந்து பிரிந்தன.

“இப்போதைக்கு சுத்தமா இருக்கு,” என்றார் டாக்டர். “ஆனா ஒரு செல் தப்பிச்சு உக்காந்திருந்தாலும் இந்தக் குழாயில தெரியாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரணும். ரெண்டு வருஷம். அதுக்கப்புறமும் அஞ்சு வருஷம் முடியிற வரைக்கும் விடமாட்டோம்.”

“முங்கலாமா சார்?”

“தோல் ஆறிட்டுது. குளிக்கலாம், முங்கலாம். ஆழத்துக்குப் போறதை அடுத்த தடவை பாத்துட்டுச் சொல்றேன்.”

பாஸ்கல் வெளியே வந்து, அடுத்த தேதி எழுதிய சீட்டை பிளாரன்ஸிடம் கொடுத்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

“என்ன சொன்னாரு? வெட்டலியே?”

“வெட்டல. ரெண்டு மாசத்துக்கு வெட்டல.”

“பெறகு?”

“பெறகு இன்னும் ரெண்டு மாசம்.”

பிளாரன்ஸ் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். “சரி, நடங்க. மினி பஸ் போயிரும்,” என்றாள்.